தரை இல்லாத பள்ளம்

“அப்பா, பள்ளத்துல விழறாரே, அவரு எங்கப்பா போய் இறங்குவாரு?”

இப்படிக் கேட்டவனுக்கு அப்போது ஆறு வயது. பெயர் ஹருமிச்சி. அவனுடைய அக்கா நட்சுயோ, என் நண்பனுக்கு அண்ணி. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வெளிவந்த கதை இது. விளக்கு அப்படியே இருக்கட்டும்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அவர்களுடைய அப்பா தெய்ஜி, ஒசாகாவில் ஒரு சின்ன கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறவர். அப்போது அவர் செய்துகொண்டிருந்தது ‘சாம்பல் கோட்டை’. கையில் லாந்தர் ஏந்திய கிழவன் ஒருவன், இரத்தக் காட்டேரி குடியிருக்கும் கோட்டைக்குள் படிப்படியாக ஏறிப் போவான். வௌவால்கள் வரும், எலும்புக்கூடுகள் வரும், தலையில்லாத கவசங்கள் வரும். தவறிப் பள்ளத்தில் கால் வைத்தால், திரைக்குக் கீழே போய் மறைந்துவிடுவான். அத்தோடு ஓர் உயிர் போச்சு.

அந்த விழுகிற அலறலுக்கு நிஜக் குரல் வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். மெத்தைகளை மடித்து வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் ஹருவை ஏற்றிவிட்டார். கீழே, வெயிலில் காய்ந்த மெத்தைகள். கையில் டேப் ரெக்கார்டர்.

“குதிடா!”

ஆஆ... தொப்! சிரிப்பு. மறுபடி ஏறினான், மறுபடி குதித்தான். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து ஒன்பது வயது நட்சுயோவுக்கு வயிறே வலித்துப்போனது.

அலறலை மட்டும் வெட்டி எடுத்து கேம் கேசட்டில் வைத்தார் அப்பா. ‘தொப்’புக்கு அதில் இடமில்லை. அன்றைக்குத்தான் ஹரு அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“எங்கயும் இறங்க மாட்டாருடா. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல.”

“பாவம்ப்பா. ஒரு தரை போடுங்க.”

“கேசட்ல இடம் ரொம்பிடுச்சு, ராஜா. அடுத்த தடவை போடறேன்.”

“நிஜமா?”

“நிஜமா.”

பிப்ரவரி தொடக்கம். வறுத்த சோயா மொச்சையை வீசிப் பேயை விரட்டுகிற இரவு. வீட்டு அப்பாதான் பேய் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் மொச்சையால் அடிப்பார்கள், பேய் அலறிக்கொண்டு ஓடும். அந்த வருடம் பேய் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டது. இருட்டி வெகுநேரம் ஆகியும் வரவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

“பேய் இல்லாம எப்படி விளையாடறது? நான் போய்க் கூட்டிட்டு வரேன்” என்று முனகினான் ஹரு. நட்சுயோ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரே சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஓரமாக மூடி போடாத வாய்க்கால். பகலெல்லாம் பெய்த பனி, சாலை எது வாய்க்கால் எது என்று தெரியாமல் மூடியிருந்தது. விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை... இறந்த குழந்தைகளைக் காக்கும் ஜிஸோ சாமி மட்டும், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, கல்லாக நின்றிருந்தது.

காத்திருந்து அலுத்துப்போன நட்சுயோ வாசல் கதவைத் திறந்தாள். வழக்கம்போல மொச்சையை இருட்டுக்குள் வீசினாள்.

“பேயே, வெளியே போ! பேயே, வெளியே போ!”

படீரென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே தூரத்தில் ஏதோ... ஒரு குரல் மாதிரி. ஹருவும் எங்கோ நின்று மொச்சை வீசிக் கத்துகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

விடியும்போதுதான் அவன் கிடைத்தான், வாய்க்காலுக்குள், பனிக்கு அடியில். சட்டைப் பையில் வறுத்த மொச்சை ஊறிப்போய் இருந்தது.

கேம் வெளிவந்தது. நன்றாக ஓடியது. நாடு முழுக்கப் பிள்ளைகள் பள்ளத்தில் விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஹரு அலறினான்.

புதிய கேம் இயந்திரங்கள் வர வர, ‘சாம்பல் கோட்டை’யும் மறுபடி மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா கெஞ்சிப் பார்த்தார்: ‘பள்ளத்துக்கு அடியில் ஒரே ஒரு வரிசை கல்.’ முடியாது என்றார்கள். ரசிகர்கள் பழையதை அச்சு அசலாகக் கேட்கிறார்கள், பழைய பிழைகூடப் பிழையாகவே இருக்க வேண்டும். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே அப்பாவுக்கு வயதாகி, நினைவும் தப்பியது. முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே ராத்திரியானால் கட்டிலிலிருந்து மெத்தையை இழுத்துத் தரையில் போட்டுவிட்டு, வெறும் பலகையில் படுத்துக்கொள்வார்.

நட்சுயோவும் அதே தொழிலுக்கு வந்திருந்தாள். பழைய கேம்களைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றித் தருகிற கம்பெனி. ஒரு நாள் அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது ‘சாம்பல் கோட்டை’. இதுதான் கடைசி, இதற்குமேல் வெளியிட மாட்டோம் என்று உரிமைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுகிற வேலை இனோகுச்சிக்கு. ஐம்பதைத் தாண்டிய, குண்டான, சதா கேலி பேசுகிற மனிதர். நட்சுயோவை எப்போதும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“ஷிமோகாவா சான், இந்த விழற சத்தம் முடியவே மாட்டேங்குது. எம் பொண்டாட்டி திட்டறதுகூட நடுவுல மூச்சு வாங்க நிக்கும்.”

“பழசுல?”

“பழசுலயும்தான். சின்ன வயசுல ஆடினப்போ இப்படி இல்லீங்க. சட்டுனு முடிஞ்சிடும்.”

அவள் ஒலியை அளந்து பார்த்தாள். கண்சிமிட்டும் நேரம்தான். அதே பழைய அளவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிழவனைப் பள்ளத்தில் தள்ளினாள்.

ஆஆ...

திரையில் கிழவன் செத்து, மறுபடி வாசலில் வந்து நின்றான். அலறல் நிற்கவில்லை. காற்றோடு கீழே... கீழே... போய்க்கொண்டே இருந்தது. விளையாட்டுக் குரல் இல்லை அது. தொண்டை கட்டிப்போயிருந்தது. கத்திக் கத்தி, ஆனாலும் விழுவது நிற்காததால் கத்தி...

ஹெட்போனைக் கழற்றினாள். மூடிய அறையில் வறுத்த மொச்சை வாசனை. ஈர மொச்சை.

“ஏங்க, முகம் இப்படி வெளுத்துடுச்சு? பேயைப் பாத்தீங்களா?” என்றார் இனோகுச்சி. தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சூடாகத் தேநீர் கொண்டுவந்து, பேசாமல் அவள் பக்கத்தில் வைத்தார். அந்தத் தேநீர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே எழுந்து ஓடியிருப்பேன் என்று பின்னால் சொன்னாளாம்.

ஒப்படைக்க வேண்டிய நாளும் பேய் விரட்டுகிற இரவாகவே அமைந்தது. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். நட்சுயோ தனியாக உட்கார்ந்திருந்தாள். ஹீட்டர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு கூட மாற்றக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். கண்டுபிடித்தால் வேலை போகும்.

கோட்டையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் போனாள். திரை முடிகிற இடத்துக்கும் கீழே, எந்த ஆட்டக்காரன் கண்ணிலும் படாத இருட்டில், ஒரு வரிசை கல் வைத்தாள். கல்லின் மேல் சில வெள்ளைப் புள்ளிகள். பார்த்தால் மடித்த மெத்தை மாதிரி இருக்கும்... பார்க்கத்தான் யாரும் இல்லை.

எழுந்து போய் ஆபீஸ் கதவை அகலத் திறந்து வைத்தாள். வராண்டா இருட்டாக இருந்தது. குளிர் உள்ளே வந்தது.

“உன்னை நான் விரட்டலடா, ஹரு. தெரியாமச் சொல்லிட்டேன். உள்ள வா” என்றாள்.

யாரும் வரவில்லை.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டி, கிழவனைத் தள்ளினாள்.

ஆஆ... கீழே... கீழே... கீழே...

தொப்!

அப்புறம் சத்தமே இல்லை. வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு கேமை அனுப்பிவிட்டாள்.

கிளம்புமுன் மனது கேட்காமல், இனோகுச்சி மேஜையில் இருந்த பழைய கேசட்டை ஒரு முறை ஓட்டினாள். ஆஆ... என்று அது போய்க்கொண்டே இருந்தது. முடியவில்லை. அந்தக் கேசட்டுகள் எத்தனை வீட்டுப் பரணில், எத்தனை பழைய கடையில் கிடக்கின்றனவோ. அவற்றையெல்லாம் அவள் எங்கே போய்த் தேடித் திருத்துவாள்?

காலையில் நேராக முதியோர் இல்லத்துக்குப் போனாள். அப்பா வெறும் பலகையில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். மெத்தை வழக்கம்போலத் தரையில் கிடந்தது.

“நேத்து மெத்தையை நனைச்சிட்டாரும்மா. பாவம், வயசாச்சில்ல” என்று சொல்லிவிட்டுத் தாதிப் பெண் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நட்சுயோ குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு குழி. சின்னதாக, ஒரு குழந்தை உடம்பு விழுந்து எழுந்த அளவுக்கு. தொட்டாள்... பனி மாதிரி சில்லிட்டது. வாய்க்கால் சேற்று வாசனை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். வெயில் விழுகிற கம்பியில் விரித்துப் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பஞ்சை உப்பவைத்தாள். சாயங்காலம் ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதைக் கீழே கொண்டுவந்தாள். கட்டில் மேல் போடவில்லை.

தரையிலேயே, இன்னும் கொஞ்சம் அகலமாக, விரித்து வைத்தாள்.