சுகதன் பேரில் நாற்பத்தொரு பதிவுகள்

சைபர் காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளர் லதிகா முன்னிலையில், யாரும் அழைக்காமல் தானாக வந்த சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயர் ஜலஜா. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் உத்தமன், நீண்டகரையில் ஐஸ் பிளாண்டில் மெக்கானிக். கொல்லத்தை அடுத்த சக்திகுளங்கரையில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். தீரவிளி மென்பொருள் கூட்டுறவுச் சங்கத்தில் நிரல் களஞ்சியத்தின் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். களஞ்சியம் என்பது எங்கள் நிரல் முழுவதும், எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு சேர்ந்து இருக்கும் இடம். அதற்குள் எது போனாலும் என் கை வழியாகத்தான் போக வேண்டும். என் கையைத் தாண்டி ஒரு அரைப்புள்ளிகூட உள்ளே போனது கிடையாது. இது பெருமைப் பேச்சு என்று அதிகாரி சொன்னார். ஆமாம், பெருமைதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

எங்கள் நிரல் மீன்பிடிப் படகுகளுக்கானது. படகில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆபத்தில் அதை அழுத்தினால் படகு இருக்கும் இடம் கரையில் உள்ள எங்கள் திரையில் தெரியும், அங்கிருந்து மீட்புப் படகு போகும். பழைய நிரலில் அழைப்புகள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஒருவன் பயத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அவன் அழைப்புகளே வரிசையை அடைத்துக்கொள்ளும், பின்னால் மூழ்குகிறவன் காத்துக் கிடக்க வேண்டும். இதை எங்கள் சங்கத்தில் மூத்த நிரலாளராக இருந்த சுகதன் என்பவர், சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் பாகுலேயனின் முகத்துக்கு நேராகச் சொன்னார். "ஒரு நல்ல காத்தடிச்சா நம்ம சாதனம் படுத்துரும் சாரே, அன்னைக்கு நீங்க மைக்கு பிடிச்சுப் பேச முடியாது" என்பது அவர் சொன்ன வார்த்தை. அதன் பிறகு அவரை நீக்கினார்கள். அவர் கடவுச்சொற்கள் எல்லாம் அன்றே ரத்து செய்யப்பட்டன. ரத்து செய்தது நான்தான். அவர் எழுதிய எதையும் இனி சங்கம் ஏற்காது என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

சுகதனுக்கும் எனக்கும் உறவா, நட்பா என்று கேட்கப்பட்டது. இரண்டும் இல்லை. நான் சேர்ந்த புதிதில் அனுப்பிய வேலைகளை அவர் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை "இது புரோகிராமா, மீன் குழம்பா" என்று எல்லோரும் படிக்கிற மின்னஞ்சல் மடற்குழுவிலேயே எழுதினார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது.

அதன் பிறகு இந்த ஆண்டு இழுவலைத் தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்தபோது, சுகதனிடமிருந்து, வெளியாரும் எழுதக்கூடிய அந்த மடற்குழுவுக்கு ஒரு பேட்ச் வந்தது. பேட்ச் என்றால் எந்த வரியை எடுக்க வேண்டும், எங்கே எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. வழக்கமாக ஐம்பது, நூறு வரி இருக்கும். இது பதினான்காயிரம் வரி, ஒரே உருண்டை. வீட்டில் உட்கார்ந்து வரிசை வேலை முழுவதையும் புதிதாக எழுதியிருந்தார். மேலே ஒரே ஒரு வாக்கியம்: "காத்து வர்றதுக்கு முன்னாடி யாருக்காவது துணிவு இருந்தா இதைப் போடுங்க." யாரும் பதில் போடவில்லை. தீர்மானம் ஒரு காரணம். அந்த அளவு இன்னொரு காரணம்.

நான் அதை எடுத்துப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் இது உள்ளே போயாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

முதலில் அது உள்ளே போகவே இல்லை. அவருடைய மின்னஞ்சல் நீள வரிகளை எல்லாம் ஒடித்து, வரித் தொடக்க இடைவெளிகளையும் தின்றிருந்தது. இடைவெளி ஒன்று குறைந்தாலும் பேட்ச் ஒட்டாது. ஆகவே அவருக்குப் போன் செய்து, மடலுக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக இணைத்து அனுப்பச் சொன்னேன். "இத்தனை வருஷம் எங்களுக்குப் பாடம் எடுத்தீங்களே, பேட்சை மெயில்ல ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா அண்ணே?" என்று கேட்டேன். "நல்ல மெயில் இருந்த கம்ப்யூட்டரை நீங்கதானடி பிடுங்கிக்கிட்டீங்க" என்றார். ஆனால் அனுப்பினார்.

அதன் பிறகும் பாதிதான் ஒட்டியது. காரணம், அவரை நீக்கிய நாளில் நிரல் எப்படி இருந்ததோ அதன் மேல் அவர் எழுதியிருந்தார். எங்கள் நிரல் அதற்குப் பின் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. என்னுடன் வேலை செய்யும் நிசார், "ஒட்டுறது ஒட்டட்டும் சேச்சி, மிச்சத்தைக் கையால தூக்கி வச்சிரலாம்" என்றான். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. களஞ்சியத்தில் பின்னோக்கிப் போய், அவரை வெளியே அனுப்பிய அந்த நாளின் நிலையைத் திறந்து, அதன் மேல் பேட்சை வைத்தேன். ஒரு துண்டு சிந்தாமல் ஒட்டியது. நிசார் எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, போய் இருவருக்கும் சாயா வாங்கி வந்தான்.

அதன் பிறகு அந்த உருண்டையை நாற்பத்தொரு துண்டாகப் பிரித்தேன். ஒரு துண்டுக்கு ஒரே வேலை. எந்தத் துண்டோடு நிறுத்தினாலும் நிரல் ஓட வேண்டும், எல்லாச் சோதனைகளிலும் தேற வேண்டும். நாளைக்கு ஏதாவது பிசகினால் எந்தத் துண்டில் பிசகியது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக இன்றைய நிரல் வரை கொண்டுவந்து தனித்தனிப் பதிவாகச் சேர்த்தேன். எழுதியவர் சுகதன் என்றும் சேர்த்தவர் ஜலஜா என்றும் ஒவ்வொன்றிலும் பதிந்தேன். எங்கள் தொழிலில் இரண்டு பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. எழுதியவன் பெயரை எடுத்துவிட்டு நம் பெயரைப் போடுவது எங்களுக்குள் திருட்டு.

"உம் பேரையே போட்டுக்கோ சேச்சி, தீர்மானத்துல மாட்டாது, யாருக்கும் தெரியாது" என்று நிசார் சொன்னது உண்மை. எனக்குத் தெரியுமே என்றேன்.

நடுவில் ஒரு துண்டில் மட்டும் நான் கை வைத்தேன். ஒரே படகு எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வரும் அழைப்புகளைச் சுகதன் ஒன்றாகச் சுருக்கியிருந்தார். எங்கள் துறைமுகத்தில் படகை விற்றால், வாங்கியவர் புது எண் பெறும்வரை பழைய எண்ணிலேயே ஓட்டுவார். விற்றவரும் அதே எண்ணைப் புதுப் படகில் மாட்டியிருப்பார். இரண்டு படகும் ஒன்றாக அழுத்தினால் அவருடைய நிரல் ஒன்றை விழுங்கிவிடும். ஆகவே படகு எண்ணுக்குப் பதிலாக, சிவப்புப் பொத்தான் உள்ள கருவியின் எண்ணைப் பார்க்கும்படி மாற்றி, அந்தத் துண்டின் குறிப்பில் அடைப்புக்குறி போட்டு, இந்தத் திருத்தம் ஜலஜாவுடையது என்று எழுதினேன். என்னுடையதை என்னுடையது என்று சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை.

அதன் பிறகு தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. ஓணத்துக்கு முன் ஒரு மதியம் திடீரென்று காற்று திரும்பியது. பதின்மூன்று படகுகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அழுத்தின. பதின்மூன்றும் திரையில் வந்தன. அவற்றில் இரண்டுக்கு ஒரே படகு எண். எல்லோரும் கரைக்கு வந்தார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதன் பிறகு செயலாளர் பாகுலேயன் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். ஒரு நிருபர் எங்கள் களஞ்சியப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "சாரே, எல்லா இடத்திலயும் சுகதன் சுகதன்னு இருக்கே, அது யாரு?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் எழுதியவர் பெயர்தான் பெரிதாகத் தெரியும், சேர்த்தவர் பெயரை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். செயலாளர் உள்ளே போகவில்லை. நீக்கப்பட்ட ஆள் திருட்டுத்தனமாகக் களஞ்சியத்துக்குள் நுழைந்து நிரலை மாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தார். இந்த நிலையத்தார் நேற்று சுகதனை அவர் வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் மனைவி போனில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்.

நான் உடனே செயலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கதவைச் சாத்தினார். "ஜலஜே, நீ செஞ்சது தப்பு, ஆனா நான் பெரிசு பண்ணல. அந்த நாப்பத்தொண்ணுலயும் அவன் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுரு. நான் புகாரை வாபஸ் வாங்குறேன், அவன் வீட்டுக்குப் போகட்டும், உன் வேலையும் தப்பும்" என்றார். வரலாற்றைப் பின்னால் போய்த் திருத்தி எழுத வழி உண்டா என்று அதிகாரி கேட்டார். உண்டு, எனக்கு அது தெரியும். ஆனால் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின் உள்ள எல்லாப் பதிவுகளின் அடையாள எண்ணும் மாறிவிடும். படகுச் சங்கத்தாரிடமும் கல்லூரி மாணவர்களிடமும் நகல்கள் இருக்கின்றன. அவை எங்களைப் பொய்யர் என்று காட்டிக்கொடுக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நிலையத்தின் உள்ளே பெஞ்சில் சுகதன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாமல், சட்டை கசங்கி, கைலியோடு இருந்தார். என்னைத் திட்டிய மனிதராகவே தெரியவில்லை. செயலாளர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"மாத்திரு ஜலஜா. எம் பேரு அங்க கிடந்து என்ன ஆகப்போவுது? அவ வீட்டுல தனியா கிடக்கா. எனக்கு வீட்டுக்குப் போனாப் போதும்."

"வீட்டுக்கும் போவீங்க, பேரும் அங்கயே இருக்கும். சும்மா உக்காருங்கண்ணே."

"உன் வேலை போயிருமே, பொண்ணே."

"அது எம் பாடு. பதினாலாயிரம் வரியையும் ஒரே உருண்டையா அனுப்பி எம் முதுகை ஒடிச்சீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கரிசனம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கருவி எண் மாத்துனதைப் பாத்தேன். சரிதான் அது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து என் வேலையைப் பற்றி நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அது இந்த வாக்குமூலத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன், அதிகாரி எழுதிக்கொண்டார்.

சுகதன் களஞ்சியத்துக்குள் நுழையவில்லை. நுழைய அவரிடம் சாவி இல்லை. அவர் எழுதினார், நான் சேர்த்தேன். சேர்த்தவர் பெயர் தெரியும் பக்கங்களை இங்குள்ள கணினியிலேயே அதிகாரிக்குத் திறந்து காட்டினேன். அவர் முதல் சிலவற்றைப் பார்த்துவிட்டுப் போதும் என்றார். நாற்பத்தொன்றையும் பார்க்கும்படி நான் கேட்டுக்கொண்டதால் முழுவதும் பார்த்தார். தீர்மானத்தை மீறியது நான் ஒருத்திதான். அதற்குச் சங்கம் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்த மிக நல்ல வேலை இதுதான்.

நான் மறுத்ததும் செயலாளர், அப்படியென்றால் அந்த நாற்பத்தொன்றையும் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லி எல்லா நிரலாளர்களுக்கும் உத்தரவு அனுப்பினார். எடுப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை, பொத்தானைத் தட்டுகிற வேலைதான். ஆனால் எடுத்தாலும் அது ஒரு பதிவு. எடுத்தவர் யார் என்று அவர் பெயரும் அங்கே என்றைக்கும் இருக்கும். அதிகாரி இப்போது என் முன்னால் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். இதுவரை யாரும் எடுக்கவில்லை.

சொன்னது அத்தனையும் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் வரிவரியாகப் படித்துப் பார்த்துச் சரியென்று கண்டு கையெழுத்திட்டேன்.

சொன்னவர்: (ஒப்பம்) ஜலஜா
எழுதியவர்: (ஒப்பம்) லதிகா, உதவி ஆய்வாளர்