நூத்தி இருபதுல கேக்குற சத்தம்

நீ முதல்ல பெல்ட்டப் போடு தம்பி. நீ போட்டாத்தான் நான் வண்டிய எடுப்பேன். வண்டி விக்கிறவனுக்கு மட்டும் உசுரு வெல்லமில்லையா? ஹமூத்தா உன் பேரு? சட்டையில குத்தியிருக்கே.

இல்ல, ஊருக்குள்ள வேணாம். நிஸ்வாவுல சிக்னலுக்கு சிக்னல் நின்னுக்கிட்டு என்னத்தத் தெரிஞ்சுக்குறது? ஆதம் ரோட்டுக்கு விடறேன். என் வீடும் அந்தப் பக்கந்தான்.

ஏர்பேக் எத்தனைன்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். நடுரோட்டுல ஒட்டகம் வந்து நின்னா தானா பிரேக் போடுமா? மனுசன்னா போடும், ஒட்டகத்துக்குச் சொல்ல முடியாதா? பரவால்ல, உண்மையச் சொல்ற. மஸ்கட்ல ஒருத்தன் ஆட்டுக்குட்டிக்கே நிக்கும்னு அளந்தான்.

ஆமா, மஸ்கட், சொஹார், இப்ரா, எல்லா ஷோரூமும் ஏறி இறங்கிட்டேன். ஓட்டிப் பாப்பேன், வேணாம்னு வந்துருவேன். வாங்கவும் மாட்டேங்குற, வீட்டுலயும் இருக்க மாட்டேங்குறன்னு தங்கச்சி திட்டுறா.

என்ன, வியாழக்கிழமை வார லீவு விட்டா நீ ஷோரூமோட இந்த வண்டியிலதான் வீட்டுக்குப் போவியா? குடுத்துவச்சவன். நோன்புக்கு அப்புறம் வந்த புது வண்டியா இது? அப்ப இதுக்கு முன்னாடி நீ ஓட்டுன பழசு? ஓ, லேசா அடி பட்டுருச்சா. சரி, சரி.

ம்... வந்துருச்சு பாரு, நூத்தி இருபது. வேகம் கூடிருச்சுன்னு மணி அடிக்குது, டிங், டிங்னு. வயர அறுத்துடலாமா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்களா? வேணாம். அடிக்கட்டும்.

என்ன சொன்னே? மாமியாரா? நல்லாருக்கே. அது நம்ம மாமியார், கத்திட்டுக் கிடக்கட்டும். இது உன் சொந்தச் சரக்கா? ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவியா? இத்தனை ஷோரூம்ல ஒருத்தனும் இதச் சொல்லல. ஆனா நான் முன்னாடியே கேட்டிருக்கேன்.

எம்மவன் நப்ஹான் நிஸ்வா காலேஜ்ல படிச்சான். வியாழக்கிழமை பஸ்ஸுக்கெல்லாம் நிக்க மாட்டான். கைய நீட்டுவான், யாராவது ஏத்திக்குவாங்க. நோன்புக்கு முந்தின வியாழக்கிழமையும் அப்படித்தான். உம்மா, வண்டி கிடைச்சிருச்சு, மீனப் பொரிச்சு வைன்னு ஃபோன்ல பேசி அனுப்பியிருந்தான். பொரிச்சு வச்சேன். காலையில இந்த ரோட்டோரம்தான் கிடந்தான். பக்கத்துல ஒட்டகமும் செத்துக் கிடந்துச்சு. வண்டியும் இல்ல, ஓட்டுனவனும் இல்ல.

ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? ஏசியக் கூட்டவா?

அவன் பேசுனத தினமும் போட்டுக் கேக்குறேன். எனக்கு வேற பொழப்பு இல்ல. அவன் குரலுக்குப் பின்னால இந்த டிங், டிங். ராத்திரி தூக்கத்துலயும் அடிக்குது. கம்பெனிக்குக் கம்பெனி இந்தச் சத்தம் மாறும்னு ஒரு மெக்கானிக் சொன்னான். அதுக்குத்தான் ஊர் ஊரா அலைஞ்சேன். இன்னைக்குத்தான் அச்சு அசலா அதே சத்தம். கடைசியில அவன் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான்னா, ஓட்டுறவன் சொல்றான், அது நம்ம மாமியார், கத்திட்டுக் கிடக்கட்டும்னு.

கதவுல கை வைக்காதே, வண்டி ஓடிட்டிருக்கு. உன்ன நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். போலீசெல்லாம் அப்புறம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ விட்டுட்டுப் போறப்ப எம்மவன் முழிச்சிட்டிருந்தானா?