செவுரு கட்டுற கிருமி

அட, எந்திரிக்காதீங்கக்கா. கிருமி புள்ளைக்கு இல்லங்க. இந்த ஆட்டுற பஸ்ஸுல எப்புடித் தூங்குறா பாருங்க. கிருமி இவ அம்மாவுக்கு. லோஜினி, எங்க வூட்டுக்காரி. ஆப்ரேசன் பண்ணித்தான் புள்ளய எடுத்தாங்க. அதுக்குப் பொறகு ரத்தத்துல கிருமி ஏறிருச்சு.

ஊசி போடாம இருப்பாங்களா? போட்டாங்க. காய்ச்ச எறங்கல. மாத்திப் போட்டாங்க, அதுக்கும் எறங்கல. எனக்குக் கோவம் வந்து டொக்டர்கிட்டயே கேட்டுப்புட்டேன், இது மருந்தா தண்ணியான்னு. செரீபா மிஸ்ஸுன்னு, சின்ன வயசுதான். ஏசுவாங்கன்னு பாத்தா, என்னா வேல செய்றீங்கன்னு கேக்குறாங்க. மேசன் வேலங்கன்னேன். அப்ப லேசா வெளங்கும், ஒக்காருங்கன்னாங்க.

அந்தக் கிருமிக்கு ரெண்டு தோலாம்க்கா. நடுவுல மெல்லிசா ஒரு செவுரு வேற. வெளித்தோலு மேல கொழுப்பும் சீனியும் சேந்த முடி மாதிரி ஒண்ண நெருக்கி நெருக்கி நட்டு வச்சிருக்கு. மருந்து அங்கயே நின்னுரும். இந்தச் சாமானெல்லாம் உள்ளதான் செய்யுதாம். வேல ஓடுறதுக்கு வெளிய கரண்டு மாதிரி ஒரு சத்து கெடையாதுல்ல, அதனால உள்ள இருந்தே ஒண்ணு பின்னால ஒண்ணாத் தள்ளி, ஒரு பாலத்து வழியா வெளிய அனுப்பி நடுது. சாரமும் இல்ல, மட்டக்கோலும் இல்ல!

சரி, ஓட்ட விழாதான்னு கேட்டேன். தப்பான கொழுப்பு வெளிப்பக்கம் வந்து ஒக்காந்தா, புடுங்கி உள்ள திருப்பி அனுப்பத் தனி ஆளு இருக்காம். எங்க லயத்து வூட்டுக் கூர ஒழுகுதுன்னு தோட்டத்து ஆபீஸுக்கு நடந்தே என் செருப்பு தேஞ்சிருச்சு. கண்ணுக்குத் தெரியாத பயலுக்கு ரிப்பேருக்கு ஆளு நிக்குது.

பொறாமையான்னு கேக்குறீங்களா? பொறாமதாங்க.

அந்த முடியெல்லாம் ஒட்டி நிக்கிறது கல்சியத்தாலயாம். கடைசியா ஒரு மருந்து இருக்கு, அது கல்சியத்தத் தட்டி விட்டுட்டு அந்த எடத்துல ஏறி ஒக்காந்துக்கும். தோலு ஒடஞ்சிரும். ஆனா கிட்னியையும் புடிக்கலாம், போடவான்னு மிஸ்ஸு கேட்டாங்க. லோஜினி மயக்கத்துல கெடக்குறா. நாந்தான் சொல்லணும்.

ஒடச்சிருங்க மிஸ்ஸுன்னேன்.

காய்ச்ச எறங்கிருச்சுக்கா. வெரசா இல்ல, மெல்ல மெல்லத்தான். கிட்னியும் தப்பிச்சிருச்சு. நேத்து கண்ண நல்லாத் தொறந்து, கருவாட்டுக் கொழம்பு வேணும்னு நர்ஸம்மாகிட்ட கேட்டுருக்கா. ஆஸ்பத்திரியில யாருங்க கருவாடு குடுப்பா?

புள்ளைக்குப் பேரா? இன்னும் வைக்கலங்க. எங்கக்கா வூட்லதான் வளருது, அக்கா ஒரு பேரு சொல்லிச்சு, நாந்தான் பொறுன்னுட்டேன்.

ஆஸ்பத்திரி வந்துருச்சு போலயே. இந்தக் கம்பளித் தொப்பியக் கொஞ்சம் மேல இழுத்து விடுங்கக்கா, கண்ண மறைக்குது. அவ அம்மா இன்னும் இவளப் பாத்ததே இல்லங்க. இன்னைக்குத்தான் பாக்கப் போறா.