'ஏறாதே' என்று நான் எழுதவில்லை

சாயம் தோய்ந்த கரங்களாம் பெயிண்டர்களின் சங்கத்தைச் சலியாது வழிநடத்தும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் உயர்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, வேலை முடித்த களைப்போடும் எனக்காக வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'உண்மை உரைத்த உத்தமர்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்த உண்மையை உரைக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது என்பதை யாரும் அச்சிடவில்லை.

நான் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளனாக இருந்தவன். சாரத்தைப் பார்ப்பேன், கயிற்றைப் பார்ப்பேன், குறையைப் பதிவேட்டில் எழுதுவேன். என் ஆங்கிலத்தில் எனக்கு அளவற்ற கர்வம். ஒருநாள் பழைய அறிக்கை ஒன்றில் 'டிஸ்ஸிமிலிட்யூட்' என்ற சொல்லைக் கண்டேன்.

பின்னால் ஒரு தோழர் மறுபடி சொல்லச் சொல்கிறார். டிஸ்ஸிமிலிட்யூட். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அகராதியைப் புரட்டினேன். வித்தியாசம், வேற்றுமை, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமை. அவ்வளவுதான் பொருள். ஆனால் அதில்தான் எத்தனை ஆடம்பரம், எத்தனை அலங்காரம், எத்தனை அதிகாரம்! அதை எங்கே எழுதுவது என்று ஒரு வாரம் அலைந்தேன்.

ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க, இரண்டு கயிறுகளில் ஒரு பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கயிறு புதிது. மற்றது பழசு, இழை பிரிந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். ஐந்து நிமிடம் காத்திருந்தால் வாயாலேயே சொல்லியிருக்கலாம். நான் காத்திருக்கவில்லை. 'இரு கயிறுகளிடையே டிஸ்ஸிமிலிட்யூட் காணப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதி, அழகாகக் கையெழுத்திட்டுக் கிளம்பிவிட்டேன்.

மேஸ்திரி வந்து பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பெயிண்டர், நெட்டை என்று கூப்பிடுவார்கள்.

"என்ன எழுதியிருக்காரு மேஸ்திரி?"

"கயித்தைப் பத்தி ஏதோ. சிமிலர்னு வருதுப்பா. சிமிலர்னா ஒரே மாதிரி."

"அப்ப ஏறட்டுமா?"

"ஏறு."

மூன்றாம் மாடி உயரத்தில் பழைய கயிறு அறுந்தது. நெட்டை பிழைத்துக்கொண்டார்; இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

விசாரணை நடந்தது. எச்சரிக்கை முறையாகப் பதிவாகியிருக்கிறது என்றார்கள். மேஸ்திரிக்கு வேலை போயிற்று. நானோ, அந்த அறையில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். தாய்மார்களே, அந்த மூச்சை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விபத்து நடந்த பதினொன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே நெட்டையின் மனைவி.

"நீங்க எழுதின அந்த வார்த்தைக்கு என்ன சார் அர்த்தம்?"

"வித்தியாசம்னு அர்த்தம்மா."

"அவ்வளவுதானா?" என்றார். போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார். "ஏறாதேன்னு எழுதியிருந்தா இவரு ஏறியிருக்க மாட்டாரே சார்."

குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேராக விசாரணை அதிகாரியிடம் போனேன். "நான் எழுதினது எச்சரிக்கையே இல்ல சார். மேஸ்திரி மேல தப்பில்ல."

"உங்களை விட்டாச்சு. பேசாம வீட்டுக்குப் போங்க."

"எழுதிக்கோங்க சார்."

எழுதிக்கொண்டார். மேஸ்திரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆய்வாளர் பதவி என்னைவிட்டுப் போனது. போகட்டும், நெட்டையின் இடுப்பு திரும்பி வந்ததா?

எழுதுகோல் ஏந்தியோரே, கேளுங்கள். எவருக்காக எழுதுகிறோம்? மெச்சுகின்ற மேலதிகாரிக்கா? கயிற்றை நம்பிக் காலை வைக்கும் மனிதனுக்கா? அவனுக்குப் புரியாத சொல் எவ்வளவு உயர்ந்ததானால் என்ன, எவ்வளவு சரியானதானால் என்ன? என் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என் அவமானம்.

நெட்டை இப்போது தரையில் ஸ்டூல் போட்டு, மற்றவர்களுக்குப் பெயிண்ட் கலந்து கொடுக்கிறார். போன மாதம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டப்பாவைக் கலக்கிக்கொண்டே, "சரி சார்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

தலை குனிந்து வந்தவனுக்கும் செவி கொடுத்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.