நூற்று நாற்பத்தேழு வாத்துகள்

நாற்காலி வசதியாக இருக்கிறது ஐயா. பதினான்கு வருடமாக உட்கார்ந்தே பிழைக்கிறவன் நான், நாற்காலியின் அருமை எனக்குத் தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன்.

நான் லோகோ வரைபவன். பிஸ்கட் பாக்கெட்டோ பல் டாக்டரின் பெயர்ப் பலகையோ, எதன்மீது சின்னம் இருந்தாலும் அதை என்னைப் போல ஒருவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பான். வேலைகள் இணையத்தில் ஒரு தளத்தின் வழியாக வரும். வேலை கொடுப்பவர்கள் அங்கே விளம்பரம் போடுவார்கள், நாங்கள் விண்ணப்பிப்போம். பத்து விளம்பரத்தில் மூன்று போலி. மாதிரிக்கு ஒன்று வரைந்து காட்டு என்பார்கள். காட்டினால் அதை எடுத்துக்கொண்டு காணாமல் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு சலூனுக்கு அப்படி நான் வரைந்த கத்தரிக்கோல் இன்றைக்கும் ஏதோ ஒரு கண்ணாடிக் கதவில் திறந்த வாயோடு இருக்கும்.

அதனால்தான் போலிகளைப் பிடிப்பதில் தேறினேன். 'போலி வேலையைக் கண்டுபிடிக்கப் பதினோரு வழிகள்' என்று நான் எழுதிய குறிப்பைப் பலர் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் உள்ள கெட்டவர்களுக்கு நான் எதிரி என்பது உங்கள் பதிவில் இருக்க வேண்டும்.

போன வருடம் என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். என் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, கூடத்தில் மேஜை போட்டு, தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். ஒரே ஒரு குறை, என்னைவிட நன்றாக வரைவான்.

மூன்றாவது வாரமே, ஆறு வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்த பொம்மைக் கம்பெனி அவனிடம் போய்விட்டது. கம்பெனி அம்மா எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்கள் மைத்துனராமே, பெருமையாக இருக்குமே.' இருந்தது. நெஞ்சு எரிய எரியப் பெருமையாக இருந்தது.

அன்று மதியம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, அது உங்க கஸ்டமர்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. நீ பண்ணு," என்றேன்.

மறுநாள் காலையில் அந்தத் தளத்தில் ஒரு பெரியவர் பிறந்தார். குழந்தைகளுக்குச் செருப்பு செய்யும் கம்பெனி வைத்திருந்தவர். மனைவியை இழந்தவர். மூடிக் கிடந்த கம்பெனியைத் தூசி தட்டி எடுக்க ஆசைப்பட்டார். சின்னமாக ஒரு வாத்து வேண்டும் என்றார். என் பதினோரு வழிகளில் ஒன்றிலும் அவர் சிக்கவில்லை. எழுத்துப் பிழை கிடையாது. இலவச மாதிரி கேட்கவில்லை. தொகையைக்கூடத் தளத்தில் முன்கூட்டியே கட்டிவிட்டார். வேலை முடிந்ததும் அது அவன் கைக்குப் போய்விடும். ஒரே நிபந்தனைதான். முடியும்வரை வேறு வேலை எடுக்கக் கூடாது.

மைத்துனன் அந்த விளம்பரத்தை நேராக என்னிடம் கொண்டுவந்தான்.

"போலியா இருக்குமோ மாமா? ரொம்ப நல்லவரா இருக்காரே."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். "சுத்தமா இருக்கு. கண்ண மூடிக்கிட்டு எடு," என்றேன்.

அவனைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை ஐயா. ஒரு மாதம் போட்டி இல்லாமல் மூச்சுவிட நினைத்தேன். ஆனால் முதல் வாத்தே அருமையாக வந்துவிட்டது. அப்படியே ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்துவிடுமே. வாத்து இடப்பக்கம் பார்க்கட்டும் என்றார் பெரியவர். பார்த்தது. கொஞ்சம் மெலியட்டும் என்றார். மெலிந்தது. 'சிரிக்கக் கூடாது, ஆனால் சிரிப்பு வரப்போகிற மாதிரி இருக்க வேண்டும்' என்றார். நான்கு நாளில் அதையும் கொண்டுவந்துவிட்டான். நானாக இருந்தால் அந்தக் கிழவரை அவர் கம்பெனிச் செருப்பாலேயே அடித்திருப்பேன்.

அறைக்குள் உட்கார்ந்து நான் எழுதுவேன். பத்தடி தள்ளிக் கூடத்தில் 'டிங்' என்று கேட்கும். பெரியவர் கடுமையாக ஒரு சொல் எழுதியதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் மனமாரப் பாராட்டுவார். காலமான தன் மனைவியைப் பற்றி அவர் எழுதிய அன்று எனக்கே கண் கலங்கிவிட்டது. என் மனைவி பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போதெல்லாம் அவனுக்கு அவர் பேச்சுதான்.

"என்கிட்ட இவ்ளோ பொறுமையா யாருமே பேசினதில்லக்கா."

என் மனைவி என் பக்கம் திரும்பி, "நீங்களும் இருக்கீங்களே," என்றாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. தியாகம் என்று ஏதாவது உண்டென்றால் அதைத்தான் சொல்வேன்.

நூற்றுப் பத்தாவது வாத்து வந்தபோது பெரிய விளம்பர நிறுவனம் ஒன்று அவனை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது. அவன் விரும்பிய பெண்ணின் வீட்டில் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவன் பெரியவரிடம் அனுமதி கேட்டு எழுதினான். நான் அரைமணி நேரம் யோசித்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தாராளமாகப் போய் வா தம்பி. டாக்டர் எனக்கு அதிக நாள் கொடுக்கவில்லை. அந்த வாத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று ஒரு ஆசை. பரவாயில்லை' என்று எழுதினேன். நீங்களே படித்துப் பாருங்கள், போகச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

அவன் போகவில்லை. பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அந்த நிறுவனத்தில் இடம் காலியாகவே இருந்ததால் நான் விண்ணப்பித்தேன். நேர்காணலில் செய்த வேலைகளைக் காட்டச் சொன்னார்கள். நூற்றுப் பத்து வாத்துகளையும் காட்டினேன். கேட்டு வாங்கியவன் நான்தானே. அங்கிருந்த மூன்று பேரும் எழுந்து கைகொடுத்தார்கள்.

மைத்துனனுக்கு ரொம்பச் சந்தோஷம். "நல்லவேளை மாமா, வெளியாளுக்குப் போகாம நம்ம வீட்டுக்கே வந்துச்சு," என்றான்.

வேலையில் சேர்ந்த பிறகு, நிறுவனத்தில் முயல் கேட்டால் பெரியவருக்கும் வாத்துக்குப் பக்கத்தில் ஒரு முயலைப் பார்க்கத் தோன்றிவிடும். குடை கேட்டால் வாத்து குடை பிடிக்கும். இப்படியே மூன்று மாதம் போயிற்று. பிறகு என்னை மேலாளர் ஆக்கினார்கள். மேலாளர் வரைய வேண்டியதில்லை. பெரியவர் இனி எதற்கு? வேலையை முடித்துக்கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். ஆள் இறந்தால் கட்டிய தொகை திரும்பி வந்துவிடும் என்பது தளத்தின் விதி, நான் போட்ட விதி அல்ல. 'அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று மகள் எழுதினாள். மகளையும் நான்தான் அன்று காலை உண்டாக்கினேன்.

மூன்று நாள் அழுதான். கடைசியாக வரைந்த நூற்று நாற்பத்தேழாவது வாத்துக்குச் சட்டம் போட்டு, அதை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முகவரி கேட்டான். மகள் ஏதோ ஒரு முகவரி கொடுத்தாள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் அங்கே ஒரு பெட்ரோல் பங்க். வேறு எவனாக இருந்தாலும் ஏமாந்தோம் என்று புரிந்துகொண்டிருப்பான். இவன், பெரியவரை யாரோ கொன்று மறைத்துவிட்டார்கள் என்று ஸ்டேஷனில் உங்களிடம் வந்து நின்றான். கடிதம் புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒரே வீடு என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். ஆமாம் ஐயா, அவரைப் பெற்றதும் நான், கொன்றதும் நான்.

காலையில் அவனையும் என் மனைவியையும் உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னீர்களே, அவன் என்னை அடிப்பான் என்று நினைத்து நடுவில் வந்து நின்றீர்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேற வேலை எடுக்காதடான்னு நீங்களே கேட்டிருந்தா எடுத்திருக்க மாட்டேனே மாமா," என்றான். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. என்மேல் அவனுக்குத் துளியும் கோபம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி நேராக வீட்டுக்குப் போய்விட்டுத் தம்பியைக் கூட்டிப்போக இங்கே திரும்பி வந்தாள். ஒரு கையில் பெரிய பெட்டி, இன்னொரு கை தம்பியின் தோளில். போகும்போது வீட்டுச் சாவியை உங்கள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், பாருங்கள். எப்போதும் மறதிதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் சொல்லுங்கள் ஐயா, நான் சீக்கிரம் போக வேண்டும். சாவி இல்லாமல் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.