டவுனில் வாங்கின சட்டை

அடம்பனில் இருந்து மன்னாருக்குப் போகும் பஸ் தவறிவிடுமோ என்ற பயத்தில் நேரத்தோடு வந்து ஏறியிருந்தேன். நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, சில நாட்களே இருந்தன. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி தையல் கடைக்காரி, நூல் வாங்கப் போகிறாள்.

"டவுனில வாங்கின சட்டையள என்னட்டக் கொண்டு வாங்கோ, காசு வாங்காமல் சும்மா அளவாக்கித் தாறன் எண்டு கடை வாசலில எழுதிப் போட்டிருக்கிறன்," என்றாள் அவள்.

மற்றவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கென்ன விசரோ மச்சாள்? டவுன் கடைக்காரங்கள் நத்தாருக்குப் பாதி விலை எண்டு போடுறாங்கள். நீங்கள் அவங்கட சட்டைக்கு ஊசி பிடிக்கிறியளோ? இந்த நத்தாருக்கும் தையல் வராட்டி கடையைப் பூட்டவேணும் எண்டு அழுதனீங்கள்."

"அழுதனான்தான். ஆனா நான் தைக்கிற புதுச் சட்டைக்கு விலை குறைக்கமாட்டன். சட்டையோட வாற தாய்மார் என்ர தையலைப் பாக்கினம். நேற்று நாலு பேர் வந்தவை. மூண்டு பேர் புதுவருசப் பூசைக்குத் தைக்கத் துணி தந்திட்டுப் போட்டினம்."

அந்த மூன்று பேரோடு கடை தப்புமோ என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

பிறகு மற்றவள் பைக்குள்ளிருந்து ஒரு ரோஸ் சட்டையை எடுத்தாள். "மகளுக்கு டவுனில வாங்கினது மச்சாள். இடுப்பு தொளதொளக்குது. மாத்தத்தான் கொண்டு போறன், மாத்தித் தருவாங்களோ தெரியாது."

தையல்காரி சட்டையைப் புரட்டி, உள்தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். அளவெடுக்காமல் நான் ஊசி எடுக்கிறேல்ல."