அக்கரையில் பல் விருந்து

இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்க மர்லீன் அக்கா, வெறும் அவிச்ச கோதுமைதான். சர்க்கரை, பாதாம், மாதுளை. குழந்தைக்கு முதல் பல்லு முளைச்சா எங்க லெபனான்காரங்க வீட்டுல இதைச் செஞ்சு தெருவுக்கே கொடுப்போம். இவன் பல்லைப் பார்த்தீங்களா? நொய்யரிசி மாதிரி இருக்கு. அதுக்குள்ள என் தோளைக் கடிச்சுட்டான், போக்கிரி!

எங்கப்பாவா? ஆத்துக்கு அந்தப் பக்கம், டெட்ராய்ட்லதான் இருக்காரு. அமெரிக்காவுல தங்குறதுக்கு எழுதிப் போட்டிருக்காரு. பதில் வர்றதுக்குள்ள வெளிய வந்தா திரும்ப விடமாட்டாங்களாம். நான் போகலாமேன்னா... அட, தெரியாதா? என்னைத்தான் ஆயுசுக்கும் வரக்கூடாதுன்னுட்டாங்களே!

சிரிக்காதீங்கக்கா. இவன் வயித்துல இருக்கும்போது அப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன். எதுக்குப் போறேன்னு பாலத்துல அமெரிக்க எல்லை அதிகாரி கேட்டாரு. அப்பாவைப் பார்க்கன்னு சொல்லிட்டு வாயை மூடியிருக்கணும். எங்க கஞ்சாப் பண்ணைக்கு நாலு கத்திரிக்கோலும் வாங்கணும், அங்கதான் மலிவுன்னேன். ஆமா, இலை நறுக்குற வேலைதான். ஆத்துக்கு இந்தப் பக்கம் நம்ம நாட்டுல அதுக்கு லைசென்ஸ் இருக்கு, சம்பளத்துல வரி பிடிக்கிறாங்க. அவங்க சட்டத்துக்கு அது கடத்தலாம்! எட்டு மாச வயித்தோட நின்னவளைக் கடத்தல்காரின்னு எழுதிட்டாரு.

மனு போடலாம்னு வக்கீல் சொல்றாரு. இழுக்குமாம். பல்லு காத்திருக்குமா? என் வீட்டுக்காரரும் அதே பண்ணைதான். பாலத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டாரு. கேட்டா பொய் சொல்ல வராது அந்த மனுஷனுக்கு, காது சிவந்துடும்.

அப்பா நாளைக்கு அங்க கோதுமை அவிக்கிறாரு. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டாச்சு. பேரன் தலையில கோதுமையைத் தூவணுமாம். எந்தப் பேரன்? போன்ல பார்த்ததோட சரி, இன்னும் தொட்டதே இல்லை.

நீங்க நாளைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்கு அந்தப் பக்கம் போறீங்கதானே? வழியிலதான் அப்பா வீடு, இவனையும் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வர்றீங்களா? இவனுக்குப் பாஸ்போர்ட் இருக்கு, நாங்க ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம். இவனுக்குத் தடை ஒண்ணும் இல்லக்கா, இன்னும் வேலைக்குப் போகலையே.

பாலத்துல என்ன கேட்டாலும் உள்ளதையே சொல்லுங்க. பால்புட்டி, துணியெல்லாம் பையில இருக்கு. ஒரு மணி நேரம் போதும்.

இவன் அழமாட்டான், யார்கிட்டயும் போவான். எங்கப்பாதான் அழுவாரு. கண்டுக்காதீங்க, கொஞ்சம் தண்ணி கொடுங்க.